எம்1, எம்2, எம்3... இந்த நம்பரை எல்லாம் யார் வைத்தது, எதை வைத்து வைத்தார்கள்?

ஏலக்காட்டான் (நெடுங்கண்டம் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். ஏலத்தோட்டத்து லயத்தில் இருந்து எழுதுகிறேன், சிக்னல் வந்து வந்து போகும், பதில் போட நேரமானால் கோபிக்க வேண்டாம். பி.ஃபார்ம் இரண்டாம் வருடம், நாலாவது செமஸ்டர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது கிளாஸில் சார் பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். கேட்கும்போது புரிகிற மாதிரியே இருக்கும், ராத்திரி நோட்டைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

மஸ்கரினிக் ரிசப்டர்தான் பிரச்சினை, அதாவது நரம்பு முனையில் சொட்டுகிற அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்கிற செல் மேல் புரதம். நோட்டில் ஒரு டேபிள் இருக்கிறது. எம்1 மூளை, நரம்பு முடிச்சு. எம்2 இதயம். எம்3 சுரப்பி, குடல், மூச்சுக்குழாய், மூத்திரப்பை. எம்4, எம்5 மூளை. அவ்வளவுதான். இன்டர்னலில் எம்2 எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு இதயம் என்று மட்டும் எழுதினேன், மார்க் போய்விட்டது. சீனியர் அண்ணன் ஒருவர் சொல்கிறார், குடலிலும் எம்2தான் அதிகமாம். குடல் சுருங்குவது எம்3-ஆல் என்று அதே நோட்டில் இருக்கிறதே? அதிகமாக இருப்பது ஒன்று, வேலை செய்வது இன்னொன்றா?

அப்புறம் பிரென்செபின் என்ற மருந்து எதை அடைக்கிறதோ அது எம்1 என்று இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, டோஸ் கூட்டினால் எல்லாவற்றையும் அடைக்கும் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் அதை வைத்து எப்படி வகை பிரிப்பது?

கடைசியாக ஒன்று, சிரிக்க வேண்டாம். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். மருந்து ஏறிவிட்டால் ஆஸ்பத்திரியில் அட்ரோபின்தான் போடுவார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அட்ரோபின் அஞ்சையும் ஒரே மாதிரி அடைக்கிறது, ஆளும் பிழைக்கிறார். பிறகு எதற்கு இத்தனை வகை?


புளியமரத்தடி:

தம்பி, பரீட்சைக்கு இவ்வளவு மண்டையை உடைக்காதே. ஒற்றைப்படை எம்1, எம்3, எம்5 எல்லாம் ஜிக்யூ என்ற புரதம் வழியாக: செல்லுக்குள் கால்சியம் ஏறும், வேலை நடக்கும். இரட்டைப்படை எம்2, எம்4 ஜிஐ என்ற புரதம் வழியாக: செல்லுக்குள் செய்தி கடத்துகிற சைக்ளிக் ஏஎம்பி இறங்கும், வேலை அடங்கும். இதோடு உன் டேபிள். பாஸ் ஆகிவிடலாம். ஒரு ரிசப்டருக்கு ஒரு உறுப்பு, அப்படி வைத்துக்கொள்.


கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடை:

புளியமரத்தடி சொன்ன ஒற்றை இரட்டைக் கணக்கு சரி. ஒரு ரிசப்டருக்கு ஒரு உறுப்பு என்பதுதான் பையனுக்கு மார்க்கைக் குறைத்தது, அதையே திருப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நான் கொஞ்ச வருடம் பாடம் நடத்திவிட்டு இப்போது கடை வைத்திருக்கிறேன், பழக்கதோஷத்தில் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள். ரேஷன் கார்டைப் பார்த்தால் நான் கேரளாக்காரன். வீட்டில் பேசுவதைக் கேட்டால் தமிழன். சந்தைக்கும் ஜவுளிக்கும் பொள்ளாச்சி பஸ்தான் ஏறுவேன். மூன்று கேள்விக்கு மூன்று கோடு, மூன்றும் ஒரே இடத்தில் விழாது. மஸ்கரினிக் ரிசப்டரையும் மூன்று தடவை, மூன்று விதமாகக் கோடு போட்டுப் பிரித்தார்கள். உன் நோட்டில் மூன்றையும் ஒரே டேபிளில் கொட்டி வைத்திருக்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கோடு மருந்தை வைத்துப் போட்டது. மஸ்கரின் என்பது அமானிட்டா என்கிற சிவப்புக் காளானில் இருந்து 1869இல் ஷ்மீடபெர்க், கோப்பே என்ற இருவர் பிரித்தெடுத்த பொருள். 1914இல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினின் வேலையில் ஒரு பங்கு மஸ்கரினைப் போலவும் இன்னொரு பங்கு நிகோட்டினைப் போலவும் இருக்கிறது, முதல் பங்கை அட்ரோபின் அடக்கும் என்று காட்டினார். அப்போது மஸ்கரினிக் என்றால் ஒரே வகைதான். 1951இல் வந்தது முதல் விரிசல். தசையைத் தளர்த்துகிற காலமின் என்ற மருந்து, இதயத்தை மெதுவாக்குகிற வேகஸ் நரம்பின் வேலையை அடைத்தது, மற்ற இடங்களில் அட்ரோபின் அடைக்கிறதை எல்லாம் அது கண்டுகொள்ளவே இல்லை. ஒரே ரிசப்டர் என்றால் இது நடக்கக் கூடாது. 1978இல் கோயல், ரத்தன் என்று இருவர் (பெயரைப் பார்த்தாலே எந்தத் தேசத்து ஆட்கள் என்று தெரியும்) எம்1, எம்2 என்று பெயர் சொன்னார்கள். 1980இல் பிரென்செபினை வைத்து ஹாமர் குழு செய்த வேலைக்குப் பிறகு அந்தப் பெயர்கள் நிலைத்தன. மூளைப்புறணியில் பிரென்செபின் இறுக்கமாகப் பிடிக்கிறது, இதயத்தில் தளர்வாகத்தான் பிடிக்கிறது. இறுக்கம் எம்1, தளர்வு எம்2. அப்புறம் அந்தத் தளர்வுக் கூட்டத்துக்குள்ளேயே இதயத்தை அதிகம் பிடிக்கிற மருந்து ஒன்று, குடலையும் சுரப்பியையும் அதிகம் பிடிக்கிற மருந்து ஒன்று என்று கிடைத்ததும் அது எம்2, எம்3 என்று உடைந்தது.

கவனித்தாயா, இதுவரை ஒருவரும் ரிசப்டரைக் கண்ணால் பார்க்கவில்லை. மருந்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்கிற ஒரே அளவுகோல்தான்.

இரண்டாவது கோடு ஜீன். 1986இல் ஜப்பானில் நூமா குழு பன்றி மூளையில் இருந்து ஒன்று, பன்றி இதயத்தில் இருந்து ஒன்று என்று ஜீனைப் பிரித்தெடுத்தது. அடுத்த இரண்டே வருடத்தில் பானர் முதலானவர்கள் எண்ணிக்கையை ஐந்தாக்கினார்கள். மருந்தை வைத்து மூன்றோ நாலோ என்று இழுத்துக்கொண்டிருந்த கணக்கு அதோடு முடிந்தது. கொஞ்ச காலம் ஜீனுக்குச் சின்ன எம், மருந்து வகைக்குப் பெரிய எம் என்று எழுதினார்கள். தமிழில் எழுதினால் அந்த வம்பே இல்லை! பிறகு இரண்டையும் ஒன்றாக்கி எம்1 முதல் எம்5 என்று முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது கோடு, உள்ளே போகிற சமிக்ஞை. அது புளியமரத்தடி சொன்ன ஒற்றை இரட்டை.

இனி உன் குடல் கேள்விக்கு வருகிறேன். சீனியர் சொன்னது உண்மை. பல பிராணிகளின் குடல் தசையில் எண்ணிக்கைப்படி எம்2தான் பெரும்பான்மை, எம்3 அதைவிடக் குறைவு. ஆனால் அசிட்டைல்கோலின் கொடுத்தவுடன் சுருங்குகிறதே, அது முக்கியமாக எம்3 வேலை: ஜிக்யூ, அதிலிருந்து ஐபி3 என்ற தூதுப்பொருள், அதிலிருந்து கால்சியம். எம்2 சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அட்ரினலின் பக்கத்தில் இருந்து பீட்டா ரிசப்டர் வழியாகச் சைக்ளிக் ஏஎம்பி ஏறி தசை தளரப் பார்க்கும்போது, எம்2 அந்தச் சைக்ளிக் ஏஎம்பியை இறக்கி அந்தத் தளர்ச்சியைக் கெடுக்கும். மூத்திரப்பையிலும் இதே கதைதான். எங்கே அதிகம், எது வேலை செய்கிறது, இரண்டும் தனித்தனிக் கேள்வி. டேபிளில் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டார்கள்.

பிரென்செபின் பற்றி ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.


மெட்டு நர்ஸ்:

அட்ரோபின் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மலை மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி பார்த்தவள். சீசனில் மருந்தடித்துவிட்டு வருகிற ஆள் இல்லாத வாரம் கிடையாது. ஏலத்துக்கு அடிக்கிற குயினால்ஃபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் மருந்து அசிட்டைல்கோலினைச் சிதைக்கிற என்சைமை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கிக்கொண்டே போகும்.

தம்பி, அந்த ஆளை ஒரு தரம் பார்த்தால் டேபிளே வேண்டாம். கண்மணி ஊசிமுனை மாதிரி. வாயில் இருந்து நுரை, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், வேட்டியிலேயே எல்லாம் போயிருக்கும். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் குக்கர் கொதிக்கிற மாதிரி சத்தம். இவை எல்லாம் பெரும்பாலும் எம்3. நாடி குறைந்து போவது எம்2. குழம்பிப் பேசுவது, வலிப்பு, அது மூளையில் இருக்கிறவை. அஞ்சும் ஒரே நேரத்தில் நனைந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் அடைக்கிற மருந்து எதற்கு? அங்கே அட்ரோபின் மாதிரி எல்லாவற்றையும் மூடுகிற முரட்டு மருந்துதான் வேண்டும். அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம், நெஞ்சில் அந்தச் சத்தம் காய்கிற வரைக்கும். நாடியும் பிரஷரும் சேர்த்துப் பார்ப்போம். கண்மணி விரிந்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது.

இன்னொன்று சொல்கிறேன், இதை நோட்டில் எழுதிக்கொள். எல்லாம் காய்ந்த பிறகும் தொடைத் தசை தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த பிள்ளைகள், அட்ரோபின் போதவில்லை அக்கா என்பார்கள். எவ்வளவு போட்டாலும் அது நிற்காது. அது நிகோட்டினிக். டேல் 1914இல் போட்ட கோடு எங்கே இருக்கிறது என்றால் அந்தத் தொடையில் இருக்கிறது. மூச்சுத் தசை களைத்துப் போய்விடுகிறதா என்று தனியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் அட்ரோபினுக்கும் சம்பந்தம் இல்லை.

அப்பாவிடம் சொல், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போடாமல் அடிக்க வேண்டாம் என்று. அந்த மருந்து தோல் வழியாகவே ஏறும். காற்றுக்கு எதிராகவும் நிற்க வேண்டாம்.


நகரிக்காரன்:

நான் ஆந்திரா பக்கம், நகரி. மருந்துப் படிப்பு இல்லை, சும்மா படித்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் எங்கள் ஊரில் சின்ன வயதில் ஊமத்தங்காய் தின்றுவிட்ட ஒரு பையன்தான் ஞாபகம் வருகிறது. நாக்கு வறண்டு பேச்சு குழற, உடம்பு அடுப்பு மாதிரி, வியர்வையே இல்லை, கண் கறுப்பாக விரிந்து, சுவரில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். அதுவும் இந்த எம் கதைதானா?


மெட்டு நர்ஸ்:

அதேதான் தம்பி. ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபாலமினும் உண்டு. வியர்வைச் சுரப்பிக்குப் போவது, வழக்கமாக நார்அட்ரினலின் விடுகிற சிம்பதெடிக் நரம்பு என்றாலும் அங்கே சொட்டுவது அசிட்டைல்கோலின், அதை வாங்கிக்கொள்வது எம்3. அது அடைந்துவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழி இல்லை. எறும்பு தட்டியது மூளையில் இருக்கிற ரிசப்டர் அடைந்ததால்.


கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடை:

கடை அடைத்தாச்சு. பிரென்செபின்.

தம்பி, எது அடைக்கிறது என்று கேட்காதே, எவ்வளவு போட்டால் எவ்வளவு அடைக்கிறது என்று கேள். ஒரு மருந்துக்கும் ஒரு ரிசப்டருக்கும் நடுவில் உள்ள பிடிப்பை ஒரு எண்ணாக எழுதுகிறார்கள். உன் பிராக்டிகலில் வருகிற பிஏ2-வும் அந்தக் குடும்பம்தான், ஷில்ட் 1947இல் கொண்டுவந்தது. பிரென்செபினுக்கு அந்த எண் எம்1-இல் ஏறத்தாழ 8. எம்4-இல் ஏழரை வாக்கில். எம்3-இல் 6.8, எம்2-இல் 6.5 வாக்கில். எண்ணில் ஒன்று கூடினால் பிடிப்பு பத்து மடங்கு கூடுகிறது, அதை மறக்காதே.

ஒரு மைக்ரோமோலார் பிரென்செபினை, திசுத் துண்டு தொங்குகிற குளியல் பாத்திரத்தில் விடு. பழைய சுருக்கத்தைத் திரும்ப வரவைக்க அசிட்டைல்கோலினை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும்? எம்1 என்றால் சுமார் 100 மடங்கு. எம்4 என்றால் 30 மடங்கு. எம்3 என்றால் ஏழு, எம்2 என்றால் நாலு. பார், எல்லாவற்றையும் அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் நாலுக்கும் நூறுக்கும் உள்ள தூரம் இருக்கிறதே, வகை என்பது அந்தத் தூரம்தான்.

இதிலேயே ஓட்டையும் தெரிகிறது. நூறையும் முப்பதையும் வைத்து எம்1, எம்4 இரண்டையும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு மருந்தை வைத்து ஒருவரும் முடிவு சொல்ல மாட்டார்கள். கூடவே மெதோக்ட்ரமின் என்ற இன்னொரு தடுப்பியும் போடுவார்கள், அது எம்2-ஐ இறுக்கமாகப் பிடிக்கும், எம்3-ஐத் தளர்வாக. பிரென்செபின் இறுக்கம், மெதோக்ட்ரமின் அதைவிடக் குறைவு என்றால் எம்1. பிரென்செபின் தளர்வு, மெதோக்ட்ரமின் இறுக்கம் என்றால் எம்2. இரண்டும் ஓரளவு இறுக்கமாகவே இருந்தால் எம்4 மீது சந்தேகப்படு. இரண்டும் தளர்வு, டாரிஃபெனாசின் என்ற மூன்றாவது தடுப்பி நன்றாகப் பிடிக்கிறது என்றால் எம்3. பச்சைமாம்பாப் பாம்பின் விஷத்தில் இருந்து எடுத்த புரதங்கள் சில இருக்கின்றன, எம்டி7 என்பது எம்1-ஐத் தவிர மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் அது ஆராய்ச்சிக்கூடச் சரக்கு, நம் கைக்கு வராது.

மாத்திரையாக வருகிற மருந்தில் ஏன் அந்தச் சுத்தம் இல்லை என்று கேட்பாய். 2012இல் எம்2, எம்3 இரண்டின் படிக அமைப்பும் வெளிவந்தது. அசிட்டைல்கோலின் போய் உட்காருகிற குழி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. அஞ்சு பூட்டுக்கும் ஒரே சாவித் துளை வைத்திருந்தால் ஒன்றுக்கு மட்டும் சாவி செய்வது கஷ்டம். அதனால்தான் இப்போது அந்தக் குழிக்குப் பக்கத்தில் உள்ள இடத்தைப் பிடிக்கிற மருந்துகளைத் தேடுகிறார்கள்.


ஏலக்காட்டான்:

அண்ணே, நூறுக்கும் நாலுக்கும் உள்ள தூரம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கே பிடித்துக்கொண்டேன். அக்கா, அப்பாவிடம் சொன்னேன். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறார், முழுக்கைச் சட்டைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

எங்கள் லேபில் கினிப்பன்றி கிடையாது, கோழிக் குடல்தான். காலையில் பிராய்லர் கடையில் வெட்டியவுடன் வாங்கி, டைரோடு கரைசலில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவோம். கண்டக்டர் மீன் என்று நினைத்து பின்னால் போய் நிற்கச் சொல்வார். சார் ஒரு சின்ன புராஜெக்ட் செய்யச் சொல்லியிருக்கிறார். அதே கோழியின் இதயத்தையும் எடுத்து பிரென்செபின் போட்டால் தளர்வாகப் பிடிக்கும், எம்2 என்று காட்டிவிடலாம், குடலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். சரிதானே?

இன்னும் ஒன்று. அட்ரோபின் கேள்விக்கு அக்கா சொன்னது புரிந்தது. விஷத்துக்கு எல்லாவற்றையும் மூட வேண்டும். அப்படியென்றால் வகை பிரித்ததால் உண்மையில் யாருக்காவது நல்லது நடந்திருக்கிறதா?


கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடை:

நல்லவேளை கேட்டாய். கோழி இதயத்தைத் தொடாதே! கோழியின் எம்2 ஒரு விசித்திரம், பிரென்செபினை இறுக்கமாகவே பிடிக்கும். 1991இல் அந்த ஜீனையே பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் போதாதென்று கோழிக்குஞ்சு இதயத்தில் எம்2 தவிர வேறு வகையும் உண்டு. நீ போட்டுப் பார்த்திருந்தால் இதயத்தில் எம்1 என்று எழுதிவிட்டு வைவாவில் முழித்திருப்பாய். மருந்தை வைத்துப் போட்ட கோடும் ஜீனை வைத்துப் போட்ட கோடும் ஒத்துப்போகாத இடம் இது, எலிக்கும் பன்றிக்கும் எழுதிய எண்ணைக் கோழிக்கு ஒட்டக் கூடாது. குடலோடு நிறுத்திக்கொள், அட்ரோபின் பிஏ2 எடு, மாலைக்குள் முடியும்.

நல்லது நடந்ததா என்பதற்கு என் கடையிலேயே ஆள் இருக்கிறார். பீடி குடித்து நுரையீரல் போன பெரியவர் ஒருவர், வாளையார் பக்கம். முன்பு இப்ராட்ரோபியம், ஒரு நாளைக்கு நாலு தடவை இழுக்க வேண்டும், மனிதர் இரண்டு தடவையோடு மறந்துவிடுவார். அந்த மருந்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நரம்பு முனையில் இருக்கிற எம்2, போதும் போதும் என்று அசிட்டைல்கோலின் வெளியேறுவதைக் கட்டுப்படுத்துகிற காவல்காரன். இப்ராட்ரோபியம் மூச்சுக்குழாய்த் தசையின் எம்3-ஐ அடைக்கும்போதே காவல்காரனையும் அடைத்துவிடுகிறது. இப்போது அவர் டியோட்ரோபியம் கேப்ஸ்யூல், காலையில் ஒன்றே ஒன்று. வேடிக்கை என்னவென்றால் டியோட்ரோபியம் எல்லா வகையையும் இறுக்கமாகத்தான் பிடிக்கிறது. விட்டுப் போகிற வேகத்தில்தான் வித்தியாசம். எம்2-ஐ விட்டுச் சில மணி நேரத்தில் பாதி கழன்றுவிடும், எம்3-ஐ விட்டுப் பாதி கழல ஒரு நாளுக்கு மேல், 35 மணி நேரம் வாக்கில் ஆகும். பிடிப்பை மட்டும் அளந்து வகை பிரித்தவர்களுக்கு இது தெரியாமல் போயிருக்கும்.

மூளைப் பக்கம் இன்னும் சுவாரசியம். சனோமெலின் என்பது எம்1, எம்4 பக்கம் அதிகம் சாய்கிற தூண்டி. 1990களில் அல்சைமருக்குப் பரிசோதித்தார்கள், நோயாளிகள் வாந்தியும் வியர்வையுமாகத் தவித்தார்கள், கைவிட வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு யோசனை. மூளைக்குள் நுழைய முடியாத ட்ரோஸ்பியம் என்ற தடுப்பியைக் கூடவே கொடுத்தால்? வெளியே வயிற்றையும் வியர்வையையும் அது மூடிவிடும், உள்ளே சனோமெலின் தன் வேலையைப் பார்க்கும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு இந்த ஜோடியை அனுமதித்தார்கள். ஒரே கேப்ஸ்யூலில் தூண்டியும் தடுப்பியும். பாடம் நடத்தின காலத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே பெரிய சுழி போட்டிருப்பேன்.


புளியமரத்தடி:

சரி, ஒரு ரிசப்டருக்கு ஒரு உறுப்பு என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எம்5-ஐ ஒருவரும் சீண்டவில்லையே, அது பாவம் என்ன செய்கிறது?


கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடை:

கடைசியாகக் கிடைத்த ஜீன், எண்ணிக்கையும் குறைச்சல். நடுமூளையில் டோபமின் செல்களில் இருக்கிறது. மூளை இரத்தக்குழாய் அசிட்டைல்கோலினுக்கு விரிவதும் எம்5 வழியாகத்தான், அந்த ஜீனை எடுத்துவிட்ட எலியில் அது நடக்கவில்லை. உடம்பின் மற்ற இரத்தக்குழாய்களில் எம்3, உட்சுவரில் உட்கார்ந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவிடச் செய்து தளர்த்துகிறது. அங்கே பெரும்பாலும் அசிட்டைல்கோலின் விடுகிற பாராசிம்பதெடிக் நரம்பே போவதில்லை, ரிசப்டர் மட்டும் இருக்கிறது. டேபிளில் இதையும் சேர்த்துக்கொள் தம்பி.


ஏலக்காட்டான்:

சேர்த்துவிட்டேன் அண்ணே. எங்கே அதிகம், எது வேலை செய்கிறது என்று இரண்டு தனிக் கட்டம். பிரென்செபினுக்கு 100, 30, 7, 4 என்று ஒரு கட்டம். ஓரத்தில் சிவப்பு மையில் கோழி இதயம் வேண்டாம் என்று எழுதினேன். இன்று சார் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எவிடுந்நு கிட்டிடா என்றார். கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடையில் என்றேன். எந்தக் கடை, பில் இருக்கிறதா என்று கேட்டு கிளாஸே சிரித்தது.